பிராசசருக்குப் பூ கேட்டோம்

நான்கு வருஷத்துக்கு முன்பு, ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த சமயம் நடந்தது இது. ஊர் மேட்டுப்பாளையம். என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். கோத்தகிரி, குன்னூர் என்று மலைப்பாதையிலேயே இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர். நான் ஓர் உருளைக்கிழங்கு மண்டியில் கம்ப்யூட்டரில் பில் போடுகிறேன். ஒரே மகள். அப்போது கோயமுத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று பேரில் யாரும் கேம் விளையாடுகிற ரகம் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் சித்திரை வாக்கில் வேலை இடத்தில் டிரைவர்களுக்கெல்லாம் கண் பரிசோதனை நடந்தது. இவருக்கு இடது கண்ணில் ஓரப் பார்வை குறைந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெடுகிற நோயாம். வலி கிடையாது, சிவப்பு கிடையாது. நேரே பார்த்தால் எல்லாம் தெரியும். ஓரம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகும். கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். சொட்டு மருந்து விட்டால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், போன பார்வை திரும்பாது என்றார் டாக்டர். இவர் இன்னும் இரண்டு டாக்டர்களைப் பார்த்தார். அவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

மலைப்பாதையில் இடது ஓரம் தெரியாத டிரைவரை யார் வண்டியில் உட்கார வைப்பார்கள்? டெப்போவிலேயே மேசை வேலைக்கு மாற்றினார்கள். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுகிற வேலை. சம்பளத்தில் பெரிய குறை இல்லை. மழையில் மரம் விழுந்து நடுவழியில் நிற்க வேண்டியதில்லை. ராத்திரி தூக்கம் கெடாது. எனக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அவர் ஆத்திரப்படவோ புலம்பவோ இல்லை. பேச்சை மட்டும் குறைத்துக்கொண்டார். எங்கே பஸ்ஸில் போனாலும் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டில்தான் உட்காருவார். வளைவு வந்தால் அவருடைய வலது கால் தானாகப் பலகையை அழுத்தும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது தெரியும். பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

விடுமுறைக்கு வந்த மகள்தான் இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டாள். அவளுடைய மடிக்கணினியில் பஸ் ஓட்டுகிற கேம் ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். நம்ம பக்கத்துப் பையன்கள் யாரோ மெனக்கெட்டு, மலை ரோட்டை அப்படியே கம்ப்யூட்டரில் செய்து போட்டிருக்கிறார்கள். கல்லாறு தாண்டினதும் பாக்குத் தோப்பு, பாறை, கொண்டை ஊசி வளைவு, குரங்கு உட்கார்ந்திருக்கும் கைப்பிடிச் சுவர் எல்லாம் உண்டு. இவர் முதலில் சிரித்தார். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். அப்புறம் மகளை நகர்த்திவிட்டு அவர் உட்கார்ந்தார்.

அந்த மடிக்கணினி பாவம், பாடப் புத்தகம் படிக்க வாங்கினது. எதிரே நாலு வண்டி வந்தால் திக்கும். வளைவில் பஸ் அப்படியே நின்று, அடுத்த நொடி பத்தடி தள்ளிப் போய்க் குதிக்கும். இவர் மேசைக்கு அடியில் தரையைப் போட்டு மிதிப்பார். "இஞ்சின் ஏத்தத்துல இழுக்க மாட்டீங்குது கண்ணு," என்பார் மகளிடம். அவள் லீவு முடிந்து மடிக்கணினியோடு போன பிறகு, ஒரு வாரம் கழித்து, சாப்பிடும்போது அவராகவே சொன்னார்.

"ஏனம்மணி, அந்த பஸ் ஓட்டறதுக்கு நாமளே ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப்போடலாமா?"

ஆறு மாதத்தில் அவர் ஒன்று வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. நான் உடனே சரி என்றேன்.

கம்ப்யூட்டரில் பில் போடுகிறவளுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று எங்கள் சொந்தத்தில் ஓர் எண்ணம் உண்டு. மூட்டை எடையை அடித்து எண்டர் தட்டினால் பில் வரும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனாலும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நானும் அதைச் சந்தோஷமாகவே ஏற்றுக்கொண்டேன். மண்டியில் ஏலம் முடிந்து வேலை ஓய்கிற மத்தியானங்களில் செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். கூட வேலை செய்கிற அக்கா, "கெழங்குக்குப் பில்லுப் போடச் சொன்னா இவ என்னத்தையோ படிச்சுக்கிட்டிருக்கறா," என்று கேலி செய்வாள்.

மூன்று வாரத்தில் நான் தேறிவிட்டேன். கேம் என்றாலே எல்லாரும் கிராபிக்ஸ் கார்டைத்தான் பேசுகிறார்கள்; படம் பளபளப்பாகத் தெரிய அது வேண்டும். ஆனால் இந்த பஸ் விளையாட்டில் எதிரே வருகிற லாரி, ஒதுங்குகிற கார், நிறுத்தத்தில் ஏறுகிற சனம் என்று ஒவ்வொன்றும் அடுத்த நொடி என்ன செய்யும் என்று கணக்குப் போடுவது பிராசசர். அது சோனியாக இருந்தால் எத்தனை பெரிய கார்டு போட்டாலும் வண்டி திக்கத்தான் செய்யும். இதை நான் கண்டுபிடித்த மாதிரி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் இரண்டு பிராசசர்களில் வந்து நின்றது. ஒன்று ஆறு கோர் உள்ளது. கோர் என்றால் ஒரே சமயத்தில் வேலை பார்க்கிற ஆட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை குறைவு. அன்றைக்கு இருந்த விளையாட்டுக்குப் போதும். ஆனால் அது உட்காருகிற போர்டு, அதாவது எல்லாவற்றையும் மாட்டுகிற பலகை, பழைய மாடல். அந்த போர்டுக்குப் புதிதாக எந்தப் பிராசசரும் இனி வராது. இரண்டு, மூன்று வருஷம் கழித்துப் போதாமல் போனால் போர்டு முதல் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். இன்னொன்று எட்டு கோர். கைக்குப் பக்கத்திலேயே எடுத்து வைத்துக்கொள்கிற தற்காலிக நினைவிடம் அதில் பெரிது. இந்த மாதிரி விளையாட்டுக்கு அதுதான் முக்கியமாம். போர்டும் புது மாடல். பின்னால் வருகிற பிராசசர்களையும் அதே போர்டில் மாட்டலாம். ஏழெட்டு வருஷத்துக்குக் கவலை இல்லை. விலை கூடுதல்தான். ஆனால் யோசிக்கவே தேவையில்லை என்பது என் கட்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர் போனோம். மகளும் விடுதியிலிருந்து வந்து சேர்ந்துகொண்டாள். காந்திபுரத்தில் ஒரு மாடிக் கடை. கடைக்காரருக்கு முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். எதற்கும் இல்லை என்று சொல்லாத மனிதர். நான் பிராசசரைப் பற்றி என் பிரசங்கத்தை முடிக்கிற வரைக்கும் தலையாட்டிக் கேட்டார். "கரெக்ட்டுங்க அக்கா. அக்கா நல்லாப் படிச்சுட்டு வந்திருக்கறீங்க," என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அப்புறம் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "ஏனுங்கண்ணா, எத்தன வருசத்துக்கு வேணுமுங்க?"

"ரெண்டு வருசம் தாக்குப் புடிச்சாப் போதுமுங்க," என்றார் இவர்.

நான் குறுக்கே பாய்ந்தேன். "ஏனுங்க, ரெண்டு வருசத்துக்கு யாராச்சும் வாங்குவாங்களா?"

"அது போதும் அம்மணி. அதுக்கு மேல எதுக்கு?"

கடைக்காரர் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். "ரெண்டுமே நல்லதுதானுங்க. ஊட்டுல பேசிப்போட்டுச் சொல்லுங்க, தீபாவளி வரைக்கும் இதே வெலைக்கு எடுத்து வெச்சுருக்கறேன்," என்று எங்களை அனுப்பிவைத்தார்.

திரும்பி வரும்போது காரமடை வரைக்கும் நான் பேசவில்லை. அதற்கப்புறம் பேசாமல் இருக்க முடியவில்லை. அரைகுறையாக வாங்கி, இரண்டு வருஷம் கழித்துத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் அலைய வேண்டுமா என்றேன். அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாக்கலாம்," என்றார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் எனக்குத் தெரிந்து அந்தப் 'பாக்கலாம்' என்ற சொல்லுக்கு முடியாது என்றுதான் பொருள். இத்தனைக்கும் அவர் கஞ்சத்தனம் பார்க்கிறவர் இல்லை. பின்னே எதற்கு இந்தப் பிடிவாதம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மகளிடம் போனில் சொல்லிப் புலம்பினேன். "நீ சொல்றதுதான்மா சரி. ஆனா ஓட்டப் போறது அப்பா," என்று இரண்டு பக்கமும் ஆடினாள்.

தீபாவளி நெருங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை காலை காபி குடித்துக்கொண்டே இவர் சொன்னார்.

"வாதாடிக்கிட்டே இருந்தா ஆகாது. அம்மன் கோயில்ல பூக் கேட்டுப்போடலாம்."

எங்கள் பக்கம் இது வழக்கம்தான். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் தனித்தனியாக ஒரே மாதிரி இலையில் பொட்டலம் கட்டி சாமி காலடியில் போடுவார்கள். மனதில் நினைத்ததற்கு இந்தப் பூ வந்தால் இப்படி, அந்தப் பூ வந்தால் அப்படி என்று வேண்டிக்கொண்டு, ஏதாவது ஒரு குழந்தையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். பெண் கொடுக்கவும், போர் போடவும், தோட்டத்தை விற்கவும் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இதற்கா?

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பிராசசருக்குப் பூக் கேட்டா அம்மனுக்கே வெளங்காதுங்க. ஆறு கோரா எட்டு கோரான்னு அவ எங்க கண்டா?"

"போர்ல தண்ணி எத்தன அடியிலன்னு சொல்றவ இதச் சொல்ல மாட்டாளா?" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

எனக்குச் சாமி நம்பிக்கை உண்டு. இந்தப் பூ விஷயத்தில் மட்டும் அவ்வளவாகக் கிடையாது. இரண்டில் ஒன்று வரத்தானே போகிறது? ஆனாலும் நான் ஒப்புக்கொண்டேன். என் பேச்சுக்கு மசியாதவர், அம்மன் சொன்னால் மறுபேச்சுப் பேச மாட்டார். பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது, இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்று கணக்குப் போட்டேன்.

வீதி முனையில் இருக்கிற மாரியம்மன் கோயில் அது. வாசலில் பூக்காரம்மாவிடம் நந்தியாவட்டை ஒன்றும் செவ்வரளி ஒன்றும் வாங்கினோம். பூசாரி வாழை இலைக் கிழிசலில் இரண்டையும் மடித்தார்.

"வெள்ளை வந்தா சின்னது," என்றார் இவர் என்னிடம். "செவப்பு வந்தா நீ சொல்ற பெரிசு."

பொதுவாக நல்ல பதில் என்றால் வெள்ளைப் பூ. அதைப் போய் அந்த மட்டமான சின்னதுக்குக் கொடுக்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம். போகட்டும் என்று விட்டுவிட்டேன். பொட்டலங்களைச் சாமி காலடியில் போட்டார்கள். அவர் கைகூப்பி நின்றார். நானும் கண்ணை மூடினேன். பூவில் நம்பிக்கை இல்லாதவள்தான். ஆனால் அந்த ஒரு நிமிஷம், 'தாயே, சிவப்பு வரட்டும், சிவப்பு வரட்டும்' என்று மனதாரக் கும்பிட்டேன்.

சாமி கும்பிட வந்திருந்த ஒருத்தியின் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அதைக் கீழே இறக்கிவிட்டு, "எடு சாமி, ஒண்ண எடு," என்றார் பூசாரி. குழந்தை இரண்டையும் பார்த்தது. முதலில் ஒன்றைத் தொட்டது. அதை விட்டுவிட்டு மற்றதை எடுத்து நேராக வாயில் வைக்கப் போனது. பூசாரி சிரித்துக்கொண்டே பிடுங்கிப் பிரித்தார்.

செவ்வரளி.

"பாத்தீங்களா, பாத்தீங்களா! அம்மனே சொல்லிப்போட்டா!" என்று நான் கோயில் என்றுகூடப் பார்க்காமல் கையைத் தட்டினேன். பக்கத்தில் நின்ற பெண்கூட, "நல்ல சேதிங்களா அக்கா?" என்று கேட்டாள். "ரொம்ப நல்ல சேதிங்க," என்றேன்.

அவர் பூவை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். அப்புறம், "சரி. அப்ப நல்லதாவே வாங்கு. ரொம்ப நாளைக்கு வரோணும்," என்றார். குரலில் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்கிற நிலைமையில் நானும் இல்லை. ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தேன்.

அந்த ஞாயிறே கோயமுத்தூர் போய் எட்டு கோருக்குச் சொல்லிவிட்டோம். கடைக்காரர் இவரைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணா போன தடவ ரெண்டு வருசம்னீங்க?"

"இல்லீங்க. இனி இதேதான். எத்தன வருசம் ஓட்டுனாலும் தாங்கற மாதிரி போட்டுக் குடுங்க," என்றார் இவர். ஸ்டியரிங்கும், காலில் மிதிக்கிற பெடலும் தனியாகக் கிடைக்கும் என்று கடைக்காரர் காட்டினார். ஸ்டியரிங்கைக் கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சின்னதா இருக்குது. பழகிக்கலாம்," என்றார்.

தீபாவளிக்கு முந்தின நாள் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது. உள் அறையில் கட்டிலை நகர்த்தி மேசை போட்டோம். மகள் எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தாள். எட்டு கோர் என்ன என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். வளைவில் ஒரு திக்கல் இல்லை. லாரி இறங்குகிறது, கார் ஒதுங்குகிறது, மழை பெய்கிறது, வைப்பர் ஆடுகிறது, பஸ் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. இடது பக்கக் கண்ணாடியைப் பார்க்க மட்டும் இவர் முழுத் தலையையும் திருப்பினார். எங்கள் வீட்டில் அன்றைக்குப் பட்டாசுகூட வெடிக்கவில்லை. மூன்று பேரும் குன்னூர் போய்ச் சேர்ந்தோம்.

இரண்டு நாள் கழித்து, புது மானிட்டரைத் துடைக்க நல்ல துணி இல்லை என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். அவர் பீரோவைத் திறந்து, இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்த காக்கிச் சட்டை ஒன்றை எடுத்து, பொத்தானை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, இரண்டாகக் கிழித்துக் கொடுத்தார். "ஏனுங்க, நல்ல சட்டையப் போயி," என்றேன். "கெடக்கட்டும். நல்ல காட்டன், கோடு உழுகாது," என்றார். உண்மையில் நன்றாகத்தான் துடைத்தது.

இதையெல்லாம் கேட்கிற உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. பொங்கலுக்கு அவருடைய பழைய கண்டக்டர் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் புரிந்தது.

இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஒன்பது வருஷம் ஓடியவர்கள். எனக்கு அண்ணன் முறையாகவே ஆகிவிட்டவர். பொங்கல் சாப்பிட்டுவிட்டு, உள் அறையில் கம்ப்யூட்டரைப் பார்த்து அசந்து போனார். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, "ஸ்டாப்புல ஆளு நிக்குது பாருப்பா, ஏத்திக்கோ," என்று பழைய நினைப்பில் சத்தம் போட்டார். அப்புறம் தண்ணீர் கேட்டுக்கொண்டு நான் இருந்த சமையல்கட்டுப் பக்கம் வந்தார்.

"இப்பத்தான் நெம்ப நிம்மதி தங்கச்சி," என்றார் செம்பை வாங்கிக்கொண்டே. "மறுக்கா மெடிக்கல் செக்கப்புக்கு எழுதிக் குடுத்து எப்படியாச்சும் டிரைவர் சீட்டுல ஏறிப்போடுவேன்னு சொல்லீட்டே இருந்தாரு. ரெண்டு வருசத்துல பாரு, மறுபடியும் நம்ம வண்டியிலதான்னாரு. கோயில்ல பூக் கேட்டாராமா. வெள்ளை வந்தா எழுதிக் குடுக்கறது, செவப்பு வந்தா வண்டி நெனப்பையே உட்டுப்போடறதுன்னு. செவப்பு வந்துருச்சு, உட்டுப்போட்டேன்னாரு. உங்களுக்குத்தான் தெரியுமே."

தெரியும் என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

கண்டக்டர் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். இரண்டு வருஷம் போதும் என்று அவர் சொன்னது கஞ்சத்தனம் இல்லை. அதற்குள் நிஜ வண்டிக்குத் திரும்பிவிடுவோம், அதுவரைக்கும் கை மறக்காமல் இருக்க ஒன்று போதும் என்று நினைத்திருக்கிறார். அவர் அம்மனிடம் கேட்டது பிராசசரை இல்லை. அவர் எனக்குப் பொய்யும் சொல்லவில்லை. வெள்ளை வந்தால் சின்னதே போதும். சிவப்பு வந்தால் ஆயுசுக்கும் இதுதான், அப்போது பெரிசாகவே வாங்கலாம். என்னிடம் சொன்ன பாதி அது. மிச்சப் பாதியை அம்மனிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அவர் பக்கத்தில் நின்றுகொண்டு நான் சிவப்புக்குக் கும்பிட்டிருக்கிறேன். வந்ததும் கையைத் தட்டியிருக்கிறேன்.

எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கைதட்டல்தான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. கூசிப்போனேன்.

சாயங்காலம் உள் அறைக்குப் போனேன். அவர் பர்லியாறு தாண்டி இறங்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல?"

எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. கண்டக்டர் உளறியிருப்பார் என்று தெரிந்திருக்கும். ஒரு வளைவைத் திருப்பி முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"கோயில்லயே சொல்லலாம்னுதான் நெனச்சேன். உன்ற மூஞ்சியப் பாத்தேன். அத்தன சந்தோசமா நின்னுட்டிருந்த. அதயெதுக்குக் கெடுக்கோணும்?"

"பூவுதானுங்களே. கொழந்த மொதல்ல மத்ததத்தான் தொட்டுச்சு. இன்னொருக்காக் கேட்டா வெள்ளை வந்தாலும் வரும்."

"வரும்," என்றார். "கண்ணு வருமா?"

கேட்டுவிட்டு அடுத்த வளைவுக்கு ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

"மூணு டாக்டரு சொன்னாங்க. ஒவ்வொருத்தரு சொல்றப்பவும், இவருகிட்ட இல்லாட்டி இன்னொருத்தருகிட்டப் போலாம்னுதான் மனசு சொல்லுச்சு. அது நிக்காது அம்மணி, போயிட்டே இருக்கும். அவளுக்கு மேல போயி யாருகிட்டக் கேக்கறது? அதனால அங்க போயி நிறுத்திப்போட்டேன்." சொல்லிவிட்டுப் பின்னால் வந்த காருக்கு வழிவிட்டார். "தள்ளி உக்காரு. அந்தப் பக்கக் கண்ணாடி தெரிய மாட்டீங்குது."

நான் அவருடைய இடது பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். கல்லாறு வரைக்கும் கூடவே இறங்கினேன்.

நான்கு வருஷம் ஆகிறது. கம்ப்யூட்டர் இன்னும் சிணுங்காமல் ஓடுகிறது. சொட்டு மருந்து விடாமல் நடக்கிறது. பார்வை அதற்கு மேல் குறையவில்லை. போன மாதம் கடைக்காரரே போன் செய்து, அந்த போர்டிலேயே மாட்டுகிற மாதிரி புதுப் பிராசசர் வந்திருக்கிறது, மாற்றிக்கொள்கிறீர்களா அக்கா என்று கேட்டார். இவரிடம் சொன்னேன். "எதுக்கு? வண்டி நல்லாத்தான இழுக்குது," என்றுவிட்டார். பூ விஷயத்தில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டதா என்று கேட்டால், வரவில்லை. பூக்காரம்மா கூடையில் செவ்வரளியைப் பார்த்தால் மட்டும் ஒரு நொடி கண் தானாக வேறு பக்கம் போகும்.

இப்போது சொந்தத்தில் யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் என்னிடம்தான் வருகிறார்கள். கோர், போர்டு எல்லாம் எனக்கு இன்னும் தலைகீழ்ப் பாடம். ஆனால் முதலில் அதைப் பேசுவதில்லை. அன்றைக்குக் கடைக்காரர் கேட்ட மாதிரி, எத்தனை வருஷத்துக்கு வேணும் என்று கேட்கிறேன். கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லுகிற பதிலை வெட்டிப் பேசாமல், ஏன் அத்தனை வருஷம் என்று இன்னொன்றும் கேட்கிறேன். அன்றைக்கு என் வீட்டுக்காரரிடம் கேட்கத் தவறிய கேள்வி அது ஒன்றுதான்.